ரெண்டு மாசத்துக்கு ஒரு கட்டில்

கோயம்புத்தூர்,
4.5.2025

அன்புள்ள மீனாவுக்கு,

இன்றைக்குக் கத்திரி தொடக்கம். இங்கே சாயங்காலம் கொஞ்சம் காற்று வருகிறது. பாளையங்கோட்டையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ.

சென்னையில் ரெண்டு மாசம் எங்கே தங்குவது என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பியது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். சித்தி பக்கத்திலிருந்து "ஸ்பீக்கர்ல போடு" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. நான் சொல்ல வந்ததில் பாதியைக் கேட்டால் உன்னை ரயிலேற்றவே மாட்டாள். அதனால்தான் கடிதம். படித்துவிட்டுப் பாடப் புத்தகத்துக்குள் வை. ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிடாதே.

அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது சின்ன விஷயமில்லை. அந்த வளாகத்துக் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நிலம் அளக்கச் சொல்லித்தரும் சர்வே பள்ளிக்கூடமாகத்தான் ஆரம்பித்தது. நீயும் சிவில் படித்துவிட்டு அளக்கிற வேலைக்கே போகிறாய், பொருத்தம்தான். உள்ளே இடம் கிடைத்துவிட்டது. இனி வெளியே ஒரு கட்டில் கிடைக்க வேண்டும். பெரிய பாடு அதுதான்.

முதலில் ஒன்று செய். உன் கைடு மேடத்துக்கு நாளைக்கே மெயில் போட்டு, வளாகத்துப் பெண்கள் விடுதியில் இரண்டு மாதத்துக்கு இடம் உண்டா என்று கேள். வெளிக்கல்லூரிப் பிள்ளைக்குத் தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம், கேட்பதற்குக் காசா பணமா? கிடைத்துவிட்டால் இந்தக் கடிதத்தின் மிச்சம் உனக்குத் தேவையில்லை. கிடைக்காது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"ரெண்டு மாசம்" என்று சென்னையில் ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார். முகம் சுருங்குவது போனிலேயே தெரியும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆள் மாறினால் வெள்ளையடிக்க வேண்டும், மறுபடி 'டு லெட்' போர்டு தொங்கவிட வேண்டும், நடுவில் வீடு சும்மா கிடக்கும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். இரண்டு மாதம் இருக்கப் போகிறவள் அதையும் கொடுத்தால் அது கமிஷனா அபராதமா? தனி வீடென்றால் பத்து மாத அட்வான்ஸ் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற இரண்டு சொல்லுக்குள் பத்து மாதமும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தனி வீட்டு ஆசையை விடு. உனக்கு வேண்டியது ஒரு கட்டில், பூட்டு உள்ள ஒரு அலமாரி, குளிக்கத் தண்ணீர்.

நம் மாமா கல்யாண வீடுதோறும் சொல்லும் மேன்ஷன் கதையை நீயும் கேட்டிருப்பாய். தகரப் பெட்டியோடு திருவல்லிக்கேணியில் போய் நின்றாராம். மேனேஜர் நோட்டில் பேரை எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தாராம். எத்தனை நாள் என்றுகூடக் கேட்கவில்லையாம். சென்னைப் பல்கலைக்கழகம் நடக்கிற தூரம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெரினாவில் காற்று, காலையில் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மேன்ஷனெல்லாம் ஆம்பிளைகளுக்கு. நமக்கு லேடீஸ் ஹாஸ்டல், அதற்கொரு வார்டன், அந்த வார்டனுக்கு ஒரு எட்டரை மணி.

இனி சித்தி காதில் விழக் கூடாத பகுதி. எங்கம்மாவுக்கே இன்றுவரை தெரியாது.

2019 ஜூனில் நான் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு இரண்டு மாதம் போனேன். பழைய பெண்கள் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. கோட்டையூரில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகமும் பத்திரிகையும் நோட்டீஸும்தான் அந்த நூலகத்துக்கு அஸ்திவாரம். அவர் போனபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே இருக்க வைத்தது. நூறு வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் ஏ.சி. அறை கிடைத்திருக்கிறது, எனக்கு ஃபேன் ஓடுகிற ஓர் அறை கிடைக்கவில்லையே என்று அப்போது வயிறெரிந்திருக்கிறேன்.

நான்கு ஹாஸ்டலில் உண்மையைச் சொல்லித் திரும்பினேன். கூட வந்த தோழி, "ஒரு வருஷம்னு சொல்லுடி, அப்புறம் காலி பண்ணிக்கலாம், எல்லாரும் அப்படித்தான்" என்றாள். ஐந்தாவது இடம் வேளச்சேரி. ஒரு வருஷம் என்றேன். உடனே கட்டில் கிடைத்தது. ஃபோர் ஷேரிங், சாப்பாட்டோடு 6,500 ரூபாய், அட்வான்ஸ் இன்னொரு 6,500. ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. எண்பது வருஷத்துப் பத்திரிகையை லென்ஸ் வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள், ஒரு பக்க ஃபாரத்தைப் படிக்கவில்லை.

அந்த வருஷம் சென்னையில் தண்ணீர் இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்தன. ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லின. சில ஹோட்டல்களில் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள். எங்கள் ஹாஸ்டலில் முதல் வாரம் ஆளுக்கு நாலு வாளி, அடுத்த வாரம் இரண்டு. விடியக்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து சம்ப்பில் இறக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் ரூமில் யாருக்கும் மூச்சு வரும்.

பதின்மூன்றாம் நாள் லாரி வரவில்லை. ஓனர் படிக்கட்டில் நின்றுகொண்டு, "எல்லாரும் பத்து நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்கம்மா, தண்ணி வந்ததும் போன் பண்றேன்" என்றார். வேலைக்குப் போகிற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு அது வருஷத்தில் பத்து நாள். எனக்கு அறுபது நாளில் பத்து நாள்.

காலி பண்ணுகிறேன், அட்வான்ஸைக் கொடுங்கள் என்றேன். அந்த ஃபாரத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் போனால் அட்வான்ஸ் திரும்பாது. "நீங்கதானம்மா ஒரு வருஷம்னு சொன்னீங்க" என்றார். தண்ணியில்லாத ஹாஸ்டலுக்கு என்ன வாடகை என்று நான் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் என் வாயை நானே கட்டிவைத்திருந்தேனே. 13 நாளுக்கு 13,000 ரூபாய். நாளுக்கு ஆயிரம். அந்தக் காசுக்கு நல்ல லாட்ஜிலேயே தங்கியிருக்கலாம்.

பையோடு நூலகத்துக்குத்தான் போனேன், வேறு எங்கே போக? எதிர் மேசையில் தினமும் ஒரு பெரியவர் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பையைப் பார்த்து "ஊருக்காம்மா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, திருவான்மியூரில் தன் அக்காவோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டில் மாடி போர்ஷன் காலியாக இருப்பதாகச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்தார். "ஹாஸ்டல் மாதிரி விடமாட்டாங்க, கேட்டுப் பாருங்க."

ரிட்டயர்டான கணக்கு டீச்சர். கேட்டைத் திறக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார். அனுப்பினால் அனுப்பட்டும் என்ற வெறுப்பில், வணக்கம்கூடச் சொல்லாமல், "ஒன்றரை மாசம்தான் டீச்சர் வேணும், ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி ஊருக்கு ரயில்" என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஆவணி பொறந்ததும் மாடிக்கு ஒரு குடும்பம் வருது. வாக்கு குடுத்தாச்சு. ஆடியில யாரு குடிவருவா? அதுவரைக்கும் சும்மாதான் கிடக்கு. ஆனா ஒண்ணு, ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு இழுக்கிற ஆளு எனக்கு வேண்டாம்."

கேட்டைப் பிடித்தபடி சிரித்துவிட்டேன். அவர் ஏனென்று கேட்கவில்லை.

அட்வான்ஸ் கிடையாது, மாதம் 4,000. ஒரே ஒரு நிபந்தனை. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியக்காலை நாலு மணிக்கு மெட்ரோ வாட்டர் வரும். அவருக்குத் தோள்பட்டை வலி. அடிபம்ப்பை நான்தான் அடிக்க வேண்டும். கைப்பிடியில் பழைய புடவைத் துணி சுற்றியிருக்கும். முதல் இருபது அடிக்கு வெறும் காற்றுதான், கழுதை இருமுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கலங்கலாக ஒரு குடம். அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற வேண்டும். மூன்றாவது குடத்திலிருந்துதான் குடிக்கிற தண்ணீர். டீச்சர் படியில் உட்கார்ந்து எண்ணுவார். எட்டு குடம் ஆனதும் "போதும், அடுத்த வீட்டுக்கும் வரட்டும்" என்பார். அடுத்த வீட்டுக்காரர் எட்டோடு நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. ஜூன் 20-ஆம் தேதி ஆறு மாதத்துக்குப் பிறகு வானம் இருண்டபோது, தோள்வலியை மறந்து மொட்டைமாடிக்கு ஓடிவந்து அண்டா, குண்டா, தோசைமாவுச் சட்டிவரை பரப்பி வைத்தார். தூறல் பத்து நிமிஷம்தான். சட்டியின் அடிகூட மூடவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? உனக்கும் அதே ஜூன், ஜூலை. ஆனியும் ஆடியும். ஆடியில் யாரும் புது வீடு குடிபோக மாட்டார்கள். ஆனியில் காலியான போர்ஷன் ஆவணிவரை பூட்டிக் கிடக்கும். ஒரு வருஷம் இருக்கிறவளுக்கு அந்த வீட்டால் பிரயோசனமில்லை, உனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதே போலத்தான் ஹாஸ்டலிலும். ஏதோ ஒரு பிள்ளை இரண்டு மாதம் வேறு ஊருக்கு ட்ரெயினிங் போகும். கட்டிலை விட மனசில்லாமல் வாடகையைக் கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டிலைக் கேள், வார்டனுக்குத் தெரிந்தே கேள். வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை "ரெண்டு மாசம், ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும்" என்று இருக்கட்டும். பத்து பேர் போனை வைத்துவிடுவார்கள். பதினோராவது ஆள் தேடுவது உன்னைத்தான்.

எந்தப் பக்கம் தேடுவது? எல்லோரும் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரிலேயே தேடுவார்கள். கோட்டூர்புரம், அடையாறு வாடகையைக் கேட்டால் சித்தப்பாவுக்கு மயக்கம் வரும். நீ வாசலை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பார். பீச்சிலிருந்து வேளச்சேரி போகிற பறக்கும் ரயில் கோட்டூர்புரத்தில் நிற்கும், இறங்கினால் நடந்துவிடலாம். ஆகவே அந்தப் பாதையில் திருமயிலை, மந்தைவெளி, இந்திரா நகர், திருவான்மியூர், பெருங்குடி எதுவானாலும் உனக்குப் பக்கம்தான். பஸ்ஸை நம்பாதே, மெட்ரோ வேலைக்காக அடையாறிலிருந்து திருவான்மியூர்வரை ரோட்டை அங்கங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். வேளச்சேரியும் எனக்கு நடந்ததற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நவம்பரென்றால் அங்கே கீழ்த்தளம் எடுக்காதே என்பேன், 2015 டிசம்பர் வெள்ளத்தை டிவியில் பார்த்திருப்பாயே. ஜூனில் அந்தப் பயமில்லை.

அடையாறில் அரசாங்கத்தின் 'தோழி' விடுதி இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கானது. உனக்கு ஸ்டைபெண்ட் உண்டல்லவா? அந்தக் கடிதத்தைக் காட்டிக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

ஹாஸ்டலைப் பார்க்கப் போனால் மத்தியானம் போகாதே. அப்போது எல்லா ஹாஸ்டலும் நன்றாகத்தான் இருக்கும். காலை ஏழு மணிக்குப் போ. பாத்ரூம் வாசலில் எத்தனை வாளி வரிசையில் நிற்கிறது என்று எண்ணு. ஆபீஸ் ரூமில் உரிமம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதா பார். 2014-இல் வந்த சட்டப்படி பெண்கள் விடுதி நடத்தக் கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். இது வெறும் காகிதம் பற்றிய பேச்சில்லை. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டல்காரன் ரகசியக் கேமரா வைத்துப் பிடிபட்டான். ஆறு மாதம் கழித்து நான் போனபோதும் எங்கள் ரூம் பிள்ளைகள் உபயோகிக்காத ப்ளக் பாயின்ட் ஓட்டைகளில் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார்கள். நீயும் ஒரு சுருள் வாங்கி வைத்துக்கொள். சித்தி கேட்டால் காலில் கொப்புளம் வந்தால் ஒட்ட என்று சொல்.

ஃபாரத்தை வரிவரியாகப் படி. நோட்டீஸ் எத்தனை நாள், அட்வான்ஸில் 'மெயின்டெனன்ஸ்' என்று எவ்வளவு பிடிப்பார்கள், சாப்பிடாத நாளுக்குக் கழிவு உண்டா. உன் தேதியை ஃபாரத்திலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கு, போட்டோ எடுத்துக்கொள். ஏ.சி. ரூமென்றால் முதல் நாளே மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடு. கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள், உனக்கு முன்னால் இருந்தவள் ஓட்டியதும் உன் தலையில் விழும். இன்னொரு கூத்து: போன வருஷம் ஜூலையிலிருந்து, மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை கொடுத்து தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஹாஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. உன் அறுபது நாள் அதில் சேராது. சின்ன ஹாஸ்டல்கள் வரிக்குள்ளேயே வராது. பெரிய இடமென்றால் "இதுக்கு மேல வரி உண்டா?" என்று முன்னாலேயே கேட்டுவிடு.

வீடுகளில் கேட்கப் போனால் "எந்த ஊரு?" என்பார்கள். அடுத்து "சைவமா?" என்பார்கள். நம் ஊரில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று சொல்லித்தர வேண்டாம். சென்னையில் நேராகக் கேட்கமாட்டார்கள், சாப்பாட்டைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பதில் பிடிக்காவிட்டால் "வீட்ல கலந்துகிட்டுச் சொல்றேன்" என்பார்கள். அந்த போன் வராது. நீயும் காத்திருக்காதே, அழவும் செய்யாதே. நான் ஒருமுறை அழுதேன், அந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தே. இன்றைக்கு நினைத்தால் அந்த அழுகைதான் தண்டம்.

சித்தப்பாவிடம் சொல், முதல் வாரம் அவரும் கூட வரட்டும். பெண்ணை அனுப்பப் பயமா என்று யாரும் சிரிக்கமாட்டார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் கிண்டி. எழும்பூர்வரை போய்த் திரும்ப வேண்டாம்.

நேற்று ராத்திரி டீச்சருக்குப் போன் போட்டேன். ஆறு வருஷமாகியும் குரலில் அதே கண்டிப்பு. மாடியில் அந்த ஆவணிக் குடும்பம் இன்னும் இருக்கிறதாம், போகிற மாதிரி தெரியவில்லையாம். ஆனால் அடுத்த தெருவில் அவரோடு வேலை பார்த்த ஒரு டிராயிங் டீச்சர், மகள் பிரசவத்துக்காக ஜூனில் பெங்களூர் போகிறாராம். வீட்டைப் பூட்டிப்போட மனசில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நிச்சயமில்லை, விசாரித்து வைக்கிறேன் என்றார். பிறகு, "உன் தங்கச்சிக்கு பம்ப்பு அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே அவருக்குப் பேசு, காலை ஒன்பதுக்கு மேல், பத்துக்குள். நம்பரைத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போகும்போது கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கிப் போ. இப்போது கடிக்க முடியவில்லையாம். அம்மியில் தட்டிப் பொடியாக்கிச் சாப்பிடுகிறாராம்.

அன்புடன்,
உன் அக்கா